போர் வாசலுக்கு வந்தால் மாகாணக் காவல்துறை என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: மாகாணக் காவல்துறைத் தலைமையகத்தில் திட்டப் பிரிவில் இருக்கிறேன். போர் எங்கள் பகுதியைத் தொட்டால் காவல்துறை எப்படி இயங்கும் என்று ஒரு திட்டம் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ராணுவம் இப்போதே ஆள் கேட்கிறது. எத்தனை பேரைக் கொடுக்கலாம்? எந்த வேலைகளை நிறுத்திவைக்கலாம்? எதிரிப் படை உள்ளே வந்துவிட்டால் எங்கள் ஆட்கள் நிற்பதா, கிளம்புவதா?

பதில்: உங்கள் மேசையில் அவசரமாகக் கிடப்பது ராணுவத்தின் கடிதம் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எத்தனை பேர் என்பதற்கு முன்னால், எந்தத் தகுதியில் என்று கேளுங்கள். போர்ச் சட்டத்தின் பார்வையில் காவலர் பொதுமக்களில் ஒருவர். இடுப்பில் துப்பாக்கி இருப்பதால் மட்டும் அவர் போர்வீரர் ஆகிவிடுவதில்லை. ஜெனீவா ஒப்பந்தங்களோடு 1977இல் சேர்க்கப்பட்ட முதலாம் கூடுதல் நெறிமுறை, 43ஆவது பிரிவில் இதற்கு ஒரு வழி சொல்கிறது: ஆயுதம் தாங்கிய காவல் பிரிவு ஒன்றைத் தன் படையில் சேர்த்துக்கொள்ளும் நாடு, அதை எதிர்த்தரப்புக்கு அறிவிக்க வேண்டும். அப்படிச் சேர்க்கப்பட்டவர்கள் தாக்குதலுக்கு உரிய இலக்கு ஆகிறார்கள். பிடிபட்டால் போர்க்கைதிக்குரிய உரிமைகளும் அவர்களுக்கு உண்டு. யாரும் எதையும் எழுதாமல், ‘கொஞ்ச நாளைக்கு நாலு பேரை அனுப்புங்கள்’ என்று வாய்மொழியாக வாங்கிப்போய்ப் பதுங்குகுழியில் நிறுத்தினால்தான் சிக்கல். அங்கே நிற்கும் காவலருக்குப் பொதுமக்களுக்கான பாதுகாப்பும் போய்விடும். பிடிபட்டால் போர்க்கைதி என்ற நிலையும் உறுதியில்லை. ஆகவே இரவல் என்ற பேச்சே வேண்டாம். கொடுத்தால் முழுப் பிரிவாக, எழுத்தாணையோடு, சீருடையும் கட்டளைச் சங்கிலியும் மாறிய பிறகு கொடுங்கள். அதற்கு உங்கள் ஆயுதப் படைப் பிரிவுதான் பொருத்தம். காவல் நிலைய ஆட்களை எடுக்காதீர்கள்.

இந்தக் கோட்டை அழித்துவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்கானிஸ்தான் கசப்பான பாடம். அங்கே காவலர்களை ஐந்து பேர், பத்துப் பேராகச் சாலையோரச் சோதனைச் சாவடிகளில் இலகுவகை ஆயுதங்களோடு நிறுத்தினார்கள். பல ஆண்டுகளில் ராணுவத்தைவிடக் காவல்துறையே அதிகம் பேரை இழந்தது. அதே நேரம், திருட்டுக்கும் நிலத் தகராறுக்கும் மக்கள் போய் நிற்க நிலையத்தில் ஆள் இல்லை. அந்த வழக்குகளைத் தாலிபான் விசாரிக்கத் தொடங்கியது. காவலரைப் படைவீரராக்கிய அரசுக்குக் கடைசியில் நல்ல படையும் கிடைக்கவில்லை, காவல்துறையும் மிஞ்சவில்லை.

எத்தனை பேர் என்ற கணக்கை விழுக்காட்டில் போடாதீர்கள். கீழிருந்து போடுங்கள். ஓர் இருக்கையை 24 மணி நேரமும் நிரப்ப, விடுப்பு, நோய், ஓய்வு எல்லாம் சேர்த்து ஏறத்தாழ ஐந்து பேர் வேண்டும். 12 மணி நேர முறைப்பணிக்கு மாறினால் சில மாதங்களுக்கு இதைவிடக் குறைவான ஆட்களை வைத்துச் சமாளிக்கலாம். அதற்குமேல் ஆட்கள் தேய்ந்துவிடுவார்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் புகார் வாங்க ஓர் இருக்கை, பாரா (வாயில் காவல்) ஒன்று, ரோந்துக்கு ஒரு ஜோடி என்று குறைந்தபட்சத்தை எழுதிக் கூட்டுங்கள். அதற்கு மேல் இருப்பதுதான் உங்கள் கையிருப்பு. ராணுவத்தோடு பேசும்போது அந்த எண்ணைத் தவிர வேறெதையும் மேசையில் வைக்காதீர்கள்.

கையிருப்பைக் கூட்டும் வழியும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன், ஓய்வுபெற்ற காவலர்களைத் திரும்ப அழைத்தது. போர்க்காலத் துணைக் காவலர்களைச் சேர்த்தது. தன்னார்வச் சிறப்புக் காவலர்களைப் பெருக்கியது. பெண்களுக்கென ஒரு துணைக் காவல் அணியை 1939இல் அமைத்தது. தொலைபேசி, வாகனம் ஓட்டுதல், அலுவலகக் குறிப்புகள் என்று அவர்கள் எடுத்துக்கொண்ட ஒவ்வொரு வேலைக்கும் பயிற்சி பெற்ற ஒரு காவலர் தெருவுக்குத் திரும்பினார். உங்கள் ஓய்வூதியர் பட்டியலை இன்றே எடுத்துப் பாருங்கள். புதிதாகச் சேரும் இளைஞர் பத்துப் பேரைவிட, ஊர் அறிந்த ஓய்வுபெற்ற ஏட்டு ஒருவர் போர்க்காலத்தில் பயன்படுவார். அதே நாட்டில் இன்னொன்றும் செய்தார்கள்: படையெடுப்பு நடந்தால் ஒரே தலைமை வேண்டும் என்று, 1942ஆம் ஆண்டு விதிகளின்படி தெற்குக் கரையோரச் சிறு நகரக் காவல்துறைகளை 1943இல் மாவட்ட அளவில் இணைத்தார்கள். உங்கள் மாகாணத்தில் நகரக் காவல், துறைமுகக் காவல், ரயில்வே காவல் என்று தனித்தனித் தலைமைகள் இருந்தால் இணைப்பாணையின் வரைவை இப்போதே தயாராக வைத்திருங்கள். குண்டு விழுந்த பிறகு யார் யாருக்குச் சல்யூட் அடிப்பது என்று பேச நேரமிருக்காது.

அடுத்து, எதை நிறுத்தலாம் என்ற கேள்வி. அணிவகுப்பு, பிரமுகர் பந்தோபஸ்து, உரிமப் புதுப்பிப்பு, சிறு போக்குவரத்து அபராதம் எல்லாவற்றையும் தயங்காமல் நிறுத்துங்கள். புகார் வாங்குவதை மட்டும் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. போர் வந்தால் குற்றம் குறையும் என்று மேலிடத்தில் யாராவது சொல்வார்கள். குற்றம் குறையாது, உருமாறும். வான்தாக்குதலுக்கு அஞ்சி இரவில் விளக்குகளை அணைக்கும் இருட்டடிப்புத் தொடங்கிய 1939 செப்டம்பரில் பிரிட்டனில் சாலை மரணங்கள் முந்தைய ஆண்டின் அதே மாதத்தைப்போல ஏறக்குறைய இரு மடங்காயின. பிரிட்டன் மண்ணில் ஜெர்மன் விமானம் ஒரு குண்டுகூடப் போடாத மாதம் அது. மறு ஆண்டு, ஊருக்குள் இரவு வேக வரம்பை மணிக்கு 20 மைல் என்று குறைத்தார்கள். ரேஷன் மோசடி, போலி ஆவணம், போலி நிவாரண வசூல், ஆள் இல்லாத வீட்டில் திருட்டு, முகாம்களில் பெண்கள், குழந்தைகள் மீதான வன்முறை ஆகியவற்றுக்கு இப்போதே ஆள் ஒதுக்குங்கள்.

கொள்ளையைப் பற்றி ஒரு வார்த்தை. குண்டு விழுந்த வீடுகளில் திருடினால் மரண தண்டனை வரை கொடுக்கலாம் என்று பிரிட்டனின் போர்க்கால விதி சொன்னது. ஆனால் பிடிபட்டவர்களில் மீட்புப் பணியாளர்களும் தீயணைப்பாளர்களும் இருந்தார்கள். இடிபாட்டுக்குள் முதலில் போகிறவர் யார் என்று யோசித்தால் இதில் வியக்க ஒன்றுமில்லை. தண்டனையின் கடுமையைவிட, இடிந்த வீட்டில் எடுத்த பொருளை அங்கேயே இரண்டு சாட்சிகள் முன் பட்டியலிடும் ஒரு படிவம் அதிகம் காப்பாற்றும். உங்கள் ஆட்களுக்கும் அந்தப் படிவம்தான் கவசம்.

உளவாளிப் புகார்கள் வேறொரு தலைவலி. போரின் முதல் வாரங்களில் அவை மழையாகக் கொட்டும்: பக்கத்து வீட்டில் விளக்கு மின்னியது, சுவரில் ஏதோ குறி இருக்கிறது, அந்நிய மொழியில் பேசினார்கள். ஒவ்வொன்றுக்கும் ரோந்து வண்டி அனுப்பினால் வேறு எதற்கும் வண்டி இருக்காது. இதற்குத் தனி எண்ணும், நிதானமான ஓர் ஆய்வாளரும் வேண்டும். பயம் முற்றி மொத்தமாகப் பிடிக்கத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்பதற்கு 1940 பிரிட்டனே சாட்சி. ஹிட்லரிடமிருந்து தப்பி வந்த யூத அகதிகளையும் ‘எதிரி நாட்டவர்’ என்று காவலர்கள் வீடு வீடாகப் போய் அழைத்துச் சென்று முகாமில் அடைத்தார்கள்.

சம்பளத்துக்கு உங்கள் திட்டத்தில் தனி அத்தியாயம் வையுங்கள். 2009இல் ஆப்கானிஸ்தானின் வர்தக் மாகாணத்தில் சில காவலர்களுக்கு மொபைல் வழியே நேரடியாகச் சம்பளம் அனுப்பிப் பார்த்தார்கள். வாங்கியவர்களில் சிலர் சம்பள உயர்வு கிடைத்துவிட்டதாக நினைத்தார்கள். அதுவரை மேலதிகாரிகள் இடையில் எடுத்துக்கொண்ட பங்கு எவ்வளவு என்பது அப்போதுதான் தெரிந்தது. ரொக்கமாகக் கைமாறும் சம்பளத்தோடு ஆள் இல்லாத பெயர்களும் வரும். ஏட்டில் இருக்கும் அந்தப் பெயர்களை நம்பி யாரோ ஒரு சாவடியைப் பாதுகாப்பானது என்று நினைத்திருப்பார்கள். சம்பளத்துக்கு அடுத்து குடும்பம். போர்முனைக்கு அருகிலுள்ள நிலையங்களின் காவலர் குடும்பங்களை முதல் எச்சரிக்கையிலேயே பின்பகுதிக்கு மாற்றுங்கள். குடும்பம் எங்கே என்று தெரியாத காவலர் இரண்டாம் நாள் பணிக்கு வரமாட்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது.

இந்தச் சம்பள ஏடுதான் நாளைக்கு ஆபத்தாகவும் மாறும். 2021 ஆகஸ்டில் காபூல் வீழ்ந்தபோது படையினர், காவலர்களின் பெயரும் உறவினர் விவரமும் அடங்கிய தரவுத்தளங்கள் யார் கையில் சிக்குமோ என்று அவற்றில் பெயர் இருந்தவர்களெல்லாம் நடுங்கினார்கள். ஜெர்மானியர் பிடியிலிருந்த பாரிஸில், மாநகரக் காவல் தலைமையகத்தில் 1940இல் யூதர்களைப் பதிவு செய்து ஓர் அட்டைத் தொகுப்பு உருவாக்கினார்கள். ஆந்த்ரே துலார் என்ற அதிகாரியின் பெயரால் இன்றும் அது அறியப்படுகிறது. 1942 ஜூலை 16, 17 தேதிகளில் பிரெஞ்சுக் காவலர்கள் அந்த அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டுதான் கதவுகளைத் தட்டி, பாரிஸிலும் சுற்றுப்புறங்களிலும் சுமார் 13,000 பேரைக் கைது செய்தார்கள். அதேபோல் ஜெர்மானியர் பிடியிலிருந்த ஆம்ஸ்டர்டாமில் 1943 மார்ச் 27 அன்று எதிர்ப்பியக்கத்தினர் மக்கள் பதிவு அலுவலகத்துக்குத் தீ வைத்தபோதும் அட்டைகளில் பெரும்பகுதி தப்பிவிட்டது. நெருக்கி அடுக்கிய காகிதம் எளிதில் எரிவதில்லை. கடைசி இரவில் கொளுத்திவிடலாம் என்று நம்பாதீர்கள்.

ஆகவே உங்கள் ஆவணங்களை இப்போதே மூன்றாகப் பிரித்துவிடுங்கள். தகவல் தருவோர் பட்டியல், துப்பாக்கி உரிமப் பதிவேடு, காவலர்களின் வீட்டு முகவரி, மதமோ இனமோ குறிப்பிடும் எந்தப் பட்டியலும் முதல் எச்சரிக்கையில் வெளியேற வேண்டும் அல்லது அழிய வேண்டும். நிலுவை வழக்குகளின் கோப்பும் தடயமும் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும். நாட்குறிப்பும் புகார் ஏடும் கடைசி ஆள் கிளம்பும்வரை நிலையத்தில் இருக்கலாம். கணினித் தரவுக்கு, 2022இல் உக்ரைன் செய்ததுபோல வெளிநாட்டுச் சேமிப்பகத்துக்கு மாற்ற அனுமதிக்கும் சட்டம் உங்களிடம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அமைச்சகத்துக்கு எழுத வேண்டிய முதல் கடிதம் அது.

இனி, நிற்பதா கிளம்புவதா. ஆக்கிரமித்த பகுதியில் பொது ஒழுங்கைக் காப்பதும், முடிந்தவரை அங்குள்ள சட்டத்தையே பின்பற்றுவதும் ஆக்கிரமித்தவரின் கடமை என்று 1907ஆம் ஆண்டின் ஹேக் விதிகளில் 43ஆவது பிரிவு சொல்கிறது. 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா ஒப்பந்தம், 54ஆவது பிரிவில், மனச்சான்றின் பேரில் பணியிலிருந்து விலகும் அரசு ஊழியரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது. பதவியிலிருந்து நீக்கும் உரிமை மட்டும் ஆக்கிரமித்தவருக்கு உண்டு. சட்டம் இப்படி இருக்க, நடப்பு வேறாக இருக்கும் என்று வைத்தே திட்டமிடுங்கள். 1944 செப்டம்பர் 19 அன்று டென்மார்க்கில் ஜெர்மானியர் காவல்துறையையே கலைத்து, சுமார் 2,000 காவலர்களைப் புக்கன்வால்ட் முகாமுக்கு அனுப்பினார்கள். வான்தாக்குதல் எச்சரிக்கைச் சங்கைப் பொய்யாக ஊதி, அந்தக் குழப்பத்தில் நிலையங்களைச் சுற்றி வளைத்தார்கள்.

என் கருத்து இது: பெயர் தெரிந்த அதிகாரிகள், உளவுப் பிரிவினர், ஆயுதப் பிரிவினர் கிளம்பிவிட வேண்டும். நிலையத்துச் சாதாரணக் காவலர் நிற்க விரும்பினால் நிற்கலாம். யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது. நிற்பவருக்கு என்ன செய்யலாம், எதைச் செய்யக் கூடாது என்று மேலிருந்து எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும். கொலை, திருட்டு, விபத்து, காணாமல் போனவர், இறந்தவர் உடல்: செய்யலாம். ஆட்களை மதம், இனம் பார்த்துப் பட்டியலிடுதல், நாடு கடத்தலுக்குக் காவல், பிணைக் கைதிகளைப் பிடித்தல், சொந்தப் படையினரைக் காட்டிக்கொடுத்தல்: கூடாது. பாரிஸில் அந்த இரண்டு நாள் கதவைத் தட்டிய காவலர்களில் பலர் சாதாரணமானவர்கள். செய்யாதே என்று எழுதிய ஆணை ஒன்றும் அவர்கள் மேலதிகாரியிடமிருந்து வரவில்லை. செய் என்ற ஆணைதான் வந்தது. நின்றவர்கள் மீது பின்னால் துரோகப் பழி விழாமல் இருக்கவும் இந்தக் காகிதம்தான் உதவும்.

வெளியேற்றப் பணியைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இதற்குத் தனியாகவே எழுத வேண்டும். உக்ரைனின் டொனெட்ஸ்க் பகுதியில் ‘வெள்ளைத் தேவதைகள்’ என்று பெயர்பெற்ற காவல் குழுக்கள் குண்டுவீச்சுக்கு நடுவே அவ்தீவ்கா போன்ற ஊர்களிலிருந்து முதியோரையும் குழந்தைகளையும் கவச வண்டிகளில் கொண்டுவந்தன. ஊரை விட்டு வர மறுப்பவர்களிடம் திரும்பத் திரும்பப் போய்ப் பேச ராணுவத்துக்கு நேரமில்லை. அவர்களின் பெயரும் வீடும் அறிந்த காவலரால் அது முடியும்.

ஊர் மீண்டும் கைக்கு வந்த பிறகான வேலையையும் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள். 2022 மார்ச் இறுதியில் ரஷ்யப் படை விலகியபின் புச்சாவிலும் கீவ் பகுதியின் மற்ற ஊர்களிலும் காவலர்கள் நூற்றுக்கணக்கான உடல்களைத் தேடிப் பதிவு செய்தார்கள். கிடந்த இடம், படம், எண், உடை, மரபணு மாதிரி என்ற வரிசை மாறாமல் செய்தால்தான் குடும்பத்துக்கு ஆள் யார் என்று சொல்ல முடியும், நீதிமன்றத்திலும் வழக்கு நிற்கும். உடல் பைகள், எண் அட்டைகள், மாதிரி எடுக்கும் பொருட்கள் ஆகியவற்றைப் பின்பகுதிக் கிடங்கில் இன்றைக்கே வாங்கி வையுங்கள். தேவைப்படும் வாரத்தில் எங்கும் கிடைக்காது.

வரைவு முடிந்ததும் அமைச்சகத்துக்கு அனுப்புமுன், எல்லைக்குப் பக்கத்திலுள்ள மிகச் சிறிய நிலையம் ஒன்றின் எழுத்தரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். தலைமையகத்தோடு தொடர்பு அறுந்துவிட்டால் மறுநாள் காலை அவர் என்ன செய்வார் என்று கேளுங்கள். அதற்கான விடை முதல் இரண்டு பக்கங்களுக்குள் அவருக்குக் கிடைக்கவில்லையென்றால் வரைவைத் திருத்துங்கள்.