பக் நாயின் கண்ணில் பச்சைப் பீளை: மீதமிருக்கும் சொட்டு மருந்தை விடலாமா?

கேள்வி: எங்கள் பக் நாய்க்கு மூன்று வயது. நான்கு நாளாக வலது கண்ணில் மஞ்சளும் பச்சையுமாகப் பீளை தள்ளுகிறது. நேற்றிலிருந்து அந்தக் கண்ணைப் பாதிதான் திறக்கிறது, காலால் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. எனக்கு மெட்ராஸ் ஐ வந்தபோது வாங்கிய சொட்டு மருந்து மீதம் இருக்கிறது, அதை விடலாமா? பக்கத்து வீட்டு அம்மா தாய்ப்பால் விடச் சொல்கிறார். குழந்தைகளுக்கு ஒட்டிக்கொள்ளுமா?

பதில்: விடாதீர்கள். தாய்ப்பாலும் வேண்டாம், நந்தியாவட்டைச் சாறு, தேன், பன்னீர் எதுவும் வேண்டாம். இன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் கூட்டிப் போய்விடுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், பீளையைவிட என்னைக் கவலைப்பட வைப்பது நேற்றிலிருந்து கண்ணைப் பாதிதான் திறக்கிறது என்று நீங்கள் எழுதியிருப்பதுதான். கண்ணைச் சுருக்கினாலே வலி என்று பொருள், அதுவும் பக் நாய்க்கு வலிக்கிறது என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கருவிழியில் புண். இந்த இனத்துக்குக் கண் வெளியே துருத்திக்கொண்டிருக்கும், பலவற்றுக்குத் தூங்கும்போதுகூட இமை முழுதாக மூடாது, மூக்கு மடிப்பில் இருக்கும் முடி வேறு கண்ணில் உரசிக்கொண்டே இருக்கும்.

மெட்ராஸ் ஐக்குக் கொடுக்கும் சொட்டு மருந்துகள் சிலவற்றில் ஆன்டிபயாட்டிக்கோடு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் சேர்ந்திருக்கும். விட்டதும் சிவப்பு குறையும், நமக்கும் நிம்மதியாக இருக்கும். ஆனால் கருவிழியில் புண் இருந்தால் அந்த ஸ்டீராய்டு புண்ணை ஆறவிடாது. சில கண்களில் ஓரிரு நாளிலேயே கருவிழி கூழ் மாதிரி கரைந்து ஓட்டை விழுந்துவிடும், அதற்கப்புறம் கண்ணைக் காப்பாற்றுவது பெரும்பாடு. அதனால்தான் புண் இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் எந்த மருந்தையும் விடக் கூடாது என்கிறேன். பார்ப்பதும் பெரிய வேலை இல்லை. ஃப்ளூரசின் என்று ஆரஞ்சு நிறச் சாயம் தோய்ந்த சின்னத் தாள் உண்டு, அதை நனைத்துக் கண்ணில் தொட்டுவிட்டு நீல வெளிச்சத்தில் பார்த்தால் புண் இருக்கும் இடம் மட்டும் பளிச்சென்று பச்சையாகத் தெரியும். சாயம் பிடிக்கிறதா என்று நீங்களே மருத்துவரிடம் கேளுங்கள், தப்பே இல்லை.

மேலோட்டமான புண் என்றால் ஆன்டிபயாட்டிக் சொட்டு, வலிக்கு ஒரு மருந்து, தேய்க்காமல் இருக்கக் கழுத்தில் கூம்பு. பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் ஆறிவிடும். கூம்பைப் பாவமாக இருக்கிறது என்று கழற்றிவிடாதீர்கள், ஒரே ஒரு தடவை நகம் பட்டால் போதும்.

இன்னொன்று. நாய்க்கு வெறும் கிருமியால் மட்டும் கண் கெடுவது குறைவு, பின்னால் வேறொரு காரணம் இருக்கும். பக், ஷிட்சு மாதிரி நாய்களில் அடிக்கடி பார்ப்பது கண்ணீர் வற்றுவது. பீளை பிசுபிசுவென்று நூல் மாதிரி வரும், மருந்து விட்டால் குறையும், நிறுத்தினால் திரும்ப வரும். கண்ணீரை அளக்க மருத்துவர் இமைக்குள் ஒரு சோதனைத் தாளைச் செருகி ஒரு நிமிடம் வைத்தால் 15 மி.மீ. வரையாவது நனைய வேண்டும், 10-க்கும் கீழே என்றால் கண்ணீர் போதவில்லை. அதற்கு சைக்ளோஸ்போரின் மருந்தைப் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க விட வேண்டியிருக்கும். தடுப்பூசி போடாத குட்டிக்கு இரண்டு கண்ணிலும் பீளையோடு மூக்கொழுகலும் காய்ச்சலும் இருந்தால் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயை நினைக்க வேண்டும். உண்ணிக் காய்ச்சலிலும் கண் சிவந்து உள்ளே ரத்தம் கட்டுவதுண்டு. பூனைக்குட்டி என்றால் பெரும்பாலும் ஹெர்பிஸ் வைரஸ், கூடவே தும்மல் இருக்கும்.

மருத்துவரிடம் போகும்வரை கொதித்து ஆறிய தண்ணீரில் பஞ்சை நனைத்து, காய்ந்த பீளையின் மேல் கொஞ்ச நேரம் வைத்து, ஊறியதும் மெதுவாகத் துடைத்துவிடுங்கள், அது போதும். ஒரு கண்ணுக்கு வைத்த பஞ்சு இன்னொரு கண்ணுக்கு வேண்டாம். கழுத்துப் பட்டையை இழுக்காதீர்கள், இந்த இனத்துக்குக் கழுத்தை இறுக்கினால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும், மார்பில் மாட்டும் ஹார்னஸ்தான் நல்லது. வலிக்கிறதே என்று வீட்டில் இருக்கும் பாராசிட்டமால், இபுப்ரோஃபென் எதையும் கொடுக்காதீர்கள். கண் நீலம் பாய்ந்து வெளுத்தாலோ, நடுவில் பள்ளம் தெரிந்தாலோ, ஒரு கண் பெரிதாகத் தெரிந்தாலோ ராத்திரியானாலும் காத்திருக்க வேண்டாம்.

மருந்து விடும்போது எதிரே நின்று விடாதீர்கள், பாட்டிலைப் பார்த்ததும் தலையைத் திருப்பும். பின்னால் உட்கார்ந்து தாடையைத் தூக்கிப் பிடித்து, மேலிருந்து விடுங்கள், பாட்டில் முனை கண்ணில் படக் கூடாது. இரண்டு மருந்து இருந்தால் நடுவே ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள்.

குழந்தைகளைப் பற்றிப் பயப்பட வேண்டாம், மெட்ராஸ் ஐ மாதிரி இது வீட்டில் எல்லாருக்கும் பரவும் நோய் இல்லை. தொட்டால் சோப்பு போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள், கண் வலியில் இருக்கும் நாயின் முகத்தருகே போகவிடாதீர்கள், கடித்துவிடும். அப்புறம், அந்தச் சொட்டு மருந்தை ஏற்கெனவே ஒரு சொட்டு விட்டிருந்தாலும் மறைக்காமல் பாட்டிலை எடுத்துப் போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.