குழந்தைகளும் புது நாய்க்குட்டியும்: எந்த வேலையை யாரிடம் கொடுப்பது?

கேள்வி: நாங்கள் மதுரையில் வசிக்கிறோம். சாத்தூரில் உள்ள என் அண்ணன் வீட்டுச் சிப்பிப்பாறை நாய் ஈன்ற குட்டிகளில் ஒன்றை, 45 நாள் ஆனதும் எங்களுக்குக் கொடுத்தார். அது வந்து 10 நாள் ஆகிறது. மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5 வயது. "எல்லா வேலையையும் நானே பார்த்துக்கொள்வேன்" என்று சொல்லித்தான் மகள் குட்டியைக் கேட்டாள். இப்போது காலையில் சோறு வைப்பதோடு சரி. மகன் ஓடினால் குட்டி துரத்திப்போய்க் காலைக் கவ்வுகிறது. அவன் கத்தக் கத்த அது இன்னும் கடிக்கிறது. குழந்தைகளுக்கு எந்தப் பொறுப்புகளைக் கொடுக்கலாம்? குட்டியைப் பழக்கும் வேலையை அவர்களிடமே விடலாமா?

பதில்: உங்கள் மகள் சொன்ன சொல்லை அவள் மீறிவிட்டதாக எண்ண வேண்டாம். எல்லா வேலையையும் பார்த்துக்கொள்ள ஒன்பது வயதுக் குழந்தையால் முடியாது. அப்படி ஒரு நிபந்தனையின் பேரில் குட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தால், சில நாளில் குழந்தைக்குக் குற்ற உணர்வும் குட்டிக்குப் பட்டினியும்தான் மிஞ்சும். மறந்துபோனால் குட்டி துன்பப்படக்கூடிய எந்த வேலையும் குழந்தையின் தனிப்பொறுப்பாக இருக்கக் கூடாது என்பதை அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள். உணவு, தண்ணீர், தடுப்பூசி, கழிவை அகற்றுவது ஆகியவை பெரியவர்களின் பொறுப்பு. அவற்றில் குழந்தை கூடவே நின்று கைகொடுக்கலாம்: உணவை அளந்து போடலாம், தண்ணீர்க் கிண்ணத்தைக் கழுவி நிரப்பலாம், சீப்பால் மெதுவாக வாரிவிடலாம். "நீ கவனிக்காவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுவேன்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்த மிரட்டலால் வரும் கேடு பெரிது. அதைக் கீழே சொல்கிறேன்.

முதலில் கடியைப் பார்ப்போம். சிப்பிப்பாறை, முயல் வேட்டைக்காகத் தென் மாவட்டங்களில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட இனம். மோப்பத்தைவிடக் கண்ணை நம்பி, ஓடுகின்ற ஒன்றை விரட்டுவது அதன் பிறவிக்குணம். உங்கள் மகன் கீச்சென்று கத்திக்கொண்டு ஓடும்போது குட்டிக்கு அது விளையாட்டுக்கான அழைப்பாகவே படுகிறது. அதில் பகையோ முரட்டுத்தனமோ இல்லை. இன்னொரு காரணமும் உண்டு. எவ்வளவு அழுத்திக் கடித்தால் மற்றவருக்கு வலிக்கும் என்பதைக் குட்டிகள் தாயிடமும் உடன்பிறந்த குட்டிகளிடமும்தான் கற்கின்றன. பலமாகக் கடித்தால் எதிர்க்குட்டி கத்திவிட்டு விளையாட்டை நிறுத்திவிடும். 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டின் நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன. உறவுக்குள் கொடுக்கும் குட்டிக்கு அந்த விதி பொருந்தாவிட்டாலும் அதன் பின்னுள்ள நியாயம் பொருந்தும். 45 நாளிலேயே பிரிந்து வந்த உங்கள் குட்டிக்கு இனி அந்தப் பாடத்தை உங்கள் குடும்பம்தான் கற்பிக்க வேண்டும்.

அதற்குக் குட்டியைவிட மகனுக்குத்தான் முதலில் பயிற்சி தேவை. குட்டி கவ்வ வந்தால் ஓடாமல், கத்தாமல், கைகளைக் கட்டிக்கொண்டு, கண்ணைத் தரையில் பதித்து மரம்போல் அசையாமல் நிற்கச் சொல்லிக்கொடுங்கள். இதைக் குட்டி இல்லாத அறையில் ஒரு விளையாட்டாகப் பழக்குங்கள். நீங்களோ அக்காவோ குட்டியாக நடித்துத் துள்ளி வரலாம், அவன் மரமாக வேண்டும். ஐந்து வயதுக் குழந்தைக்கு "ஓடாதே" என்ற தடையைவிட "மரமாக நில்" என்ற கட்டளை எளிதில் மனத்தில் நிற்கும். அவன் நின்றதும் பெரியவர் ஒருவர் உடனே வந்து, குட்டி கடிப்பதற்கு முடிச்சுப் போட்ட நீளமான துணியையோ கயிற்றையோ நீட்ட வேண்டும். பொம்மை நீளமாக இருப்பது முக்கியம்; பற்களுக்கும் விரல்களுக்கும் நடுவே இடைவெளி இருக்கும். பல் தோலில் பட்டால் விளையாட்டு அந்தக் கணமே நிற்க வேண்டும், அரை நிமிடம் கழித்துத் தொடரலாம். வாயை இறுக்கிப் பிடிப்பது, மூக்கில் தட்டுவது, செய்தித்தாளைச் சுருட்டி அடிப்பது ஆகியவை குட்டிக்குக் கற்பிப்பதெல்லாம் மனிதக் கை ஆபத்தானது என்பதைத்தான்; அந்தக் கைகளில் மிகச் சிறியவை உங்கள் மகனுடையவை.

கடி மாலையில்தான் அதிகமா என்று கவனியுங்கள். இந்த வயதில் ஒரு குட்டி நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூங்க வேண்டும். குழந்தைகள் பள்ளிவிட்டு வந்ததும் அதை எழுப்பி, இரவுவரை தூக்கிக்கொண்டே திரிந்தால், தூக்கம் கெட்ட கைக்குழந்தை போலவே அதுவும் நிலைகொள்ளாமல் ஆடும், கண்டதையெல்லாம் கடிக்கும். வீட்டில் ஒரு மூலையைத் தடுப்பு வைத்துப் பிரித்து, அதைக் குட்டிக்கு மட்டுமான இடமாக்குங்கள். அதற்குள் குழந்தைகள் நுழையக் கூடாது. தூங்கும் குட்டியைத் தொடக் கூடாது. உண்ணும்போது பக்கத்தில் போகக் கூடாது, கிண்ணத்தில் கை வைக்கக் கூடாது. இந்த மூன்றிலும் பாட்டி, தாத்தா உட்பட யாரும் விலக்குக் கொடுக்க வேண்டாம்.

குழந்தைகளுக்கு நாயின் உடலைப் படிக்கக் கற்றுக்கொடுப்பதை நான் எல்லாப் பயிற்சிக்கும் மேலாக வைக்கிறேன். உணவு எதிரில் இல்லாதபோது உதட்டை நக்குவது, தூக்கம் வராமலே கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, கண்ணின் வெள்ளை தெரியக் கடைக்கண்ணால் பார்ப்பது, உடல் விறைப்பது, வாலைக் கால்களுக்கிடையே ஒடுக்குவது எல்லாம் "எனக்குப் போதும்" என்பதற்கான அடையாளங்கள். கட்டிப்பிடிப்பதும் முகத்தோடு முகம் வைப்பதும் நம் குழந்தைகளுக்கு அன்பு; பல நாய்களுக்கு அது தப்ப முடியாத பிடி. மார்பையும் தோளையும் மூன்று முறை வருடிவிட்டுக் கையை எடுத்துவிடச் சொல்லுங்கள். குட்டி நெருங்கி வந்து இன்னும் வேண்டும் என்று உரசினால் தொடரலாம், விலகினால் விட்டுவிட வேண்டும். ஒன்பது வயதுப் பெண்ணால் இதை மிக நுட்பமாகக் கவனிக்க முடியும், தம்பிக்கும் அவளே சொல்லிக்கொடுப்பாள். குட்டி உறுமினால் அடக்காதீர்கள். உறுமல் ஓர் எச்சரிக்கை. அடித்து அதை நிறுத்தினால், அடுத்த முறை அது உறுமாமலே கடிக்கும்.

இப்போது அந்த மிரட்டலுக்கு வருகிறேன். குட்டியை அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் கடியையும் கீறலையும் குழந்தைகள் மறைத்துவிடுகிறார்கள். வெறிநோய் வெளிப்பட்டுவிட்டால் அநேகமாக யாரும் பிழைப்பதில்லை, ஆனால் உரிய நேரத்தில் தடுப்பூசி போட்டால் அதைத் தடுக்க முடியும். ஆகையால் ஒளிக்கப்பட்ட ஒரு சிறு கீறல்கூட உயிருக்கு ஆபத்தாக முடியலாம். வீட்டுக் குட்டிதானே என்று இருந்துவிடக் கூடாது, அது இன்னும் வெறிநோய்த் தடுப்பூசி போடும் வயதையே எட்டவில்லை. பல்லோ நகமோ தோலைக் கிழித்திருந்தால், ஓடும் குழாய்நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம், கட்டும் போட வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ செல்லுங்கள். அங்கே ஊசி இலவசம். அட்டையில் குறித்துத் தரும் தேதிகளில் ஒன்றையும் விடாமல் போட்டுமுடிக்க வேண்டும். இந்தப் 10 நாள் கடிகளில் மகனின் காலில் தோல் கிழிந்திருந்தால், அதையும் இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். "கடிபட்டால் சொல், உன்னையும் திட்டமாட்டோம், குட்டியையும் அனுப்பமாட்டோம்" என்று இரு குழந்தைகளுக்கும் தெளிவாக வாக்குக் கொடுங்கள்.

குட்டிக்கு 6 முதல் 8 வாரத்துக்குள் முதல் கூட்டுத் தடுப்பூசி (பல நோய்களுக்குச் சேர்த்துப் போடும் ஊசி) போட வேண்டும். உங்கள் குட்டிக்கு இன்னும் போடவில்லை என்றால் இந்த வாரமே அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். பிறகு 16 வாரம் ஆகும்வரை 3, 4 வார இடைவெளியில் அடுத்தடுத்த ஊசிகள், 3 மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. பூச்சி மருந்தை மூன்று மாதம் வரை இரு வாரத்துக்கு ஒரு முறையும், பின் ஆறு மாதம் வரை மாதம் ஒரு முறையும் கொடுப்பது வழக்கம். உருண்டைப் புழுக்கள் தாயின் வயிற்றிலேயே குட்டிக்குத் தொற்றிவிடுகின்றன, குழந்தைகளுக்கும் பரவக்கூடியவை. கழிவில் உள்ள புழுமுட்டைகள் தொற்றும் நிலையை அடையச் சில வாரம் பிடிக்கும் என்பதால், கழிவை அன்றன்றே பெரியவர்கள் அள்ளிவிட்டாலே பெரும்பகுதி ஆபத்து விலகும். குட்டியைத் தொட்ட கையை உண்ணும் முன் சோப்பால் கழுவுவது குழந்தைகளுக்கான விதி.

பழக்குவதில் மகளுக்கு உண்மையான இடம் கொடுங்கள். முதல் பாடம் பெயர்: ஒரு முறை மட்டும் பெயரைச் சொல்லி அழைக்க வேண்டும், குட்டி முகம் பார்த்த கணத்திலேயே வேகவைத்த கோழியில் சிறு துணுக்கு ஒன்று. அடுத்தது உட்காருவது: துணுக்கை மூக்கருகே காட்டி, தலைக்குமேல் பின்னோக்கி நகர்த்தினால் பின்பகுதி தானாகவே தரையில் அமரும், அமர்ந்ததும் கொடுக்க வேண்டும், முதுகை அழுத்தக் கூடாது. மூன்றாவது, பண்டமாற்று: வாயில் செருப்பு இருந்தால் பிடுங்காமல், அதைவிட நல்ல ஒன்றைக் காட்டி விடச்செய்வது. இது தெரிந்த நாய் பொருளைக் காத்துக்கொண்டு உறுமாது. ஒரு தடவைக்கு 3 நிமிடம் போதும், நாளுக்கு மூன்று தடவை, குட்டி பசியாகவும் விழிப்பாகவும் இருக்கும்போது நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்பா "சிட்" என்றும் பாட்டி "உக்காரு" என்றும் சொன்னால் குட்டி குழம்பும். வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். மகன் கையிலிருந்து ஊட்ட வேண்டாம். அக்கா "உட்கார்" என்று சொல்லி அது உட்கார்ந்ததும், அவன் துணுக்கைத் தரையில் போட்டால் போதும், அவனுக்கும் பங்கு கிடைத்துவிடும்.

கழிப்பிடப் பழக்கம் பெரியவர்கள் கையில் இருப்பதே நல்லது. தூங்கி எழுந்ததும், உண்டதும், விளையாடி முடித்ததும் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்துக்குத் தூக்கிச் செல்லுங்கள். உள்ளே ஈரம் செய்துவிட்டால் துடைத்துவிடுங்கள், அதில் மூக்கைத் தேய்ப்பது வெறும் கொடுமை. உணவு இந்த வயதில் நாளுக்கு நான்கு வேளை. பசும்பால் பல குட்டிகளுக்கு வயிற்றுப்போக்கைக் கொடுக்கும் என்பதால், பால்சோறு கொடுத்துவந்தால் நிறுத்துங்கள். குழந்தைகளின் சாக்லேட், கேசரியில் கிடக்கும் உலர்திராட்சை, வெங்காயம், சமைத்த எலும்பு ஆகியவை நாய்க்கு ஆகாதவை என்பதைச் சமையலறைக் கதவில் எழுதி ஒட்டும் வேலையை மகளிடம் விடலாம்.

தடுப்பூசிகள் முடியும்வரை தெருத் தரையில் நடக்கவிட வேண்டாம், குட்டிகளின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ என்ற வைரஸ் நோய்க்கு அஞ்சித்தான் சொல்கிறேன். அதற்காக வீட்டுக்குள் அடைத்தும் வைக்காதீர்கள். ஏறத்தாழ 14 வாரம் வரையில் பார்ப்பதையும் கேட்பதையும்தான் நாய் வாழ்நாள் முழுதும் இயல்பாக ஏற்றுக்கொள்ளும். மடியில் வைத்துத் திண்ணையில் உட்கார்ந்து பேருந்து ஒலி, தள்ளுவண்டி, தலைக்கவசம் அணிந்தவர் என எல்லாவற்றையும் காட்டுங்கள். பின்னாளில் தெருவில் வாரைப் பெரியவர்தான் பிடிக்க வேண்டும்: முழு வளர்ச்சி பெற்ற சிப்பிப்பாறை ஒரு பூனையைக் கண்டு பாய்ந்தால் மகளால் தாங்க முடியாது, எதிரே தெருநாய்கள் வந்தால் இன்னும் ஆபத்து.

பெரியவர் பார்வையில்லாமல் மகனையும் நாயையும் இன்னும் சில ஆண்டுகளுக்கு ஒரே அறையில் விட வேண்டாம், ஐந்து நிமிடம்கூட. மகளைப் பொறுத்தவரை, நாய்க்கு ஒரு வயது கடந்து, அதன் அடையாளங்களை அவள் சரியாகப் படிக்கிறாள் என்று நீங்களே பலமுறை கண்ட பிறகு சிறிது நேரம் விடலாம். அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது இருவரையும் அழைத்துச் செல்லுங்கள். தேதிகளை ஒரு நோட்டில் மகள் குறித்துவரட்டும், தேதி தவறாமல் பார்ப்பது நீங்களாக இருங்கள்.