முள் ஏறுது, ஹீட்டர் குளிருது!

கேள்வி: என்னுடையது 2013 மாடல் பெட்ரோல் கார். கோவைக்குள் ஓட்டும்போது ஒரு தொந்தரவும் இல்லை. ஊட்டிக்குப் போகும்போது பர்லியாறு தாண்டியதும் டெம்பரேச்சர் முள் சிவப்பை நோக்கிக் கிளம்பிவிடுகிறது. அந்த நேரத்தில் ஹீட்டரைப் போட்டால் குளிர்காற்றுதான் வருகிறது. கூலன்ட் பாட்டில் நிறைந்தே இருக்கிறது. அவ்வப்போது தண்ணீர்தான் ஊற்றுகிறேன். தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி வீசிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். கழற்றலாமா?

பதில்: கழற்றாதீர்கள். உங்கள் ஹீட்டர் பாதி விடையைச் சொல்லிவிட்டது. டாஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் என்பது ஒரு குட்டி ரேடியேட்டர். இன்ஜினில் சுற்றும் சுடுதண்ணீர் அதன் வழியாகவும் போய்வருகிறது. இன்ஜின் கொதிக்கும்போது ஹீட்டர் குளிர்ந்தால், அங்கே தண்ணீர் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். ஒன்று, தண்ணீர் குறைந்திருக்கிறது. அல்லது ஏர் லாக், அதாவது வழியில் காற்று அடைத்துக்கொண்டு நிற்கிறது. அல்லது வாட்டர் பம்ப் தள்ளவில்லை.

பாட்டில் நிறைந்திருக்கிறதே என்பீர்கள். அதை நம்பாதீர்கள். காலையில் இன்ஜின் நன்றாக ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியையே திறந்து பாருங்கள். கழுத்துவரை கூலன்ட் நிற்க வேண்டும். பாட்டில் நிறைந்து ரேடியேட்டர் காலியாக இருந்தால், நான் முதலில் சந்தேகப்படுவது அந்த மூடியைத்தான். அதில் இரண்டு வேலை நடக்கிறது. சூட்டில் விரியும் கூலன்ட்டைப் பாட்டிலுக்கு விடுவது ஒன்று. ஆறும்போது திரும்ப உள்ளே இழுக்க விடுவது இன்னொன்று. ரப்பர் விறைத்துப்போன மூடி வெளியே விடும், திரும்ப வாங்காது.

சரி, கோவையில் வராத கோளாறு மலையில் மட்டும் ஏன்? ஏற்றத்தில் இன்ஜினுக்குச் சுமை அதிகம், ரேடியேட்டரில் படும் காற்றோ குறைவு. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இன்னொன்றும் இருக்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். குக்கர் இல்லாமல் அங்கே பருப்பு வேக வைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். உங்கள் இன்ஜின் ஓடுவதே ஏறத்தாழ 90 டிகிரியில். ரேடியேட்டர் மூடிதான் குக்கர் வெயிட் மாதிரி அழுத்தம் கொடுத்து, கூலன்ட் 120 டிகிரியைத் தாண்டும்வரை கொதிக்காமல் பார்த்துக்கொள்கிறது. மூடி அழுத்தம் பிடிக்காமல், உள்ளே வெறும் தண்ணீரும் இருந்தால், மேலே ஏற ஏறக் கொதிநிலை இறங்கிக்கொண்டே வரும்.

மூடி மேல் 0.9 அல்லது 1.1 என்று, அது பிடிக்கும் அழுத்தத்தின் எண் இருக்கும். அதே எண்ணில் புதியது மாட்டுங்கள். பெரிய எண் போட்டால் நல்லது என்று நினைத்து மாற்றினால் பழைய ஹோஸ் வெடிக்கும். பிறகு கூலன்ட் நிரப்பி, உள்ளே அடைத்த காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள். அதன் பிறகும் குறைந்தால் பிரஷர் டெஸ்ட், அதாவது அழுத்தம் கொடுத்துக் கசிவு தேடும் சோதனை செய்ய வேண்டும். வாட்டர் பம்ப் அருகே காய்ந்த கறை, ஆயில் மூடியின் உள்பக்கம் பால் கலந்த டீ மாதிரிக் குழம்பு, ரேடியேட்டருக்குள் விடாமல் குமிழி, இவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கடைசி இரண்டும் ஹெட் கேஸ்கெட் (இன்ஜினின் மேல்பாகத்துக்கும் கீழ்பாகத்துக்கும் நடுவே இருக்கும் சீல்) போனதற்கான அடையாளமாக இருக்கலாம். அது பெரிய செலவு.

தெர்மோஸ்டாட் பாவம், அதன் மேல் பழி போடுவது நம் ஊர் வழக்கம். எண்பது சொச்சம் டிகிரி வரும்வரை ரேடியேட்டர் பக்கம் தண்ணீரை விடாமல் வைத்திருப்பதுதான் அதன் வேலை. கழற்றினால் ஊட்டிக் குளிரில் இன்ஜின் சூடாகவே ஆகாது, பெட்ரோல் அதிகம் குடிக்கும். சில இன்ஜின்களில் ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றும் பைபாஸ் வழி அடைபடாமல், சூடு இன்னும் ஏறும். சந்தேகமா? கழற்றிக் கொதிக்கும் நீரில் போட்டு, திறக்கிறதா என்று பாருங்கள். திறக்காவிட்டால் புதியது மாட்டுங்கள்.

வழியில் முள் ஏறினால் ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்துவிட்டு, ஓரங்கட்டுங்கள். மூடியைத் தொடாதீர்கள். நான் உதவியாளனாக இருந்தபோது ஒரு வேனில் அவசரப்பட்டுத் திறந்தேன். வலது முன்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. பர்லியாற்றில் மங்குஸ்தான் சீசன் என்றால் ஒரு கிலோ வாங்கி நிதானமாக உரித்துத் தின்று முடியுங்கள், அதற்குள் ஆறிவிடும்.

கேள்வி: ஹைவேயில் முள் நடுவில் நிற்கிறது, சிக்னலில் நின்றால் ஏறுகிறது. ஏன்?

பதில்: ஃபேன். ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரை ஆற்றுகிறது, நின்றால் ஃபேன்தான் ஆற்ற வேண்டும். வண்டியை நிறுத்தி வைத்து ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் ஃபேனும் உடனே ஓட வேண்டும். ஓடாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்று வரிசையாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஓடினாலும் முள் ஏறினால் ரேடியேட்டருக்கும் ஏசி கண்டென்சருக்கும் நடுவே பஞ்சும் பூச்சியும் அடைத்திருக்கும்.

கேள்வி: போர் தண்ணீர் ஊற்றலாமா?

பதில்: நடுவழியில் வேறு வழியில்லை என்றால் எந்த நல்ல தண்ணீரும் சரிதான். வழக்கமாக்கினால் வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிகிற அதே வெள்ளை உப்பு ரேடியேட்டர் குழாயையும் அடைக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரோடு கூலன்ட்டைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். வடித்த பழைய கூலன்ட்டைத் தட்டில் திறந்து வைக்காதீர்கள். இனிப்பாக இருக்கும், தெருநாய் நக்கிவிட்டால் பிழைப்பது கஷ்டம்.