வெல்ஷ் மொழியின் ‘காய்ல்’: சில கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ‘காய்ல்’ என்னும் வினைக்குப் ‘பெறு’ என்று பொருள் படித்தேன். அனுமதி கேட்கும்போதும் அதே வினை வருவது ஏன்?

பதில்: அது அந்தப் பொருளின் விரிவே. ‘கா ஈ வாரா?’ என்றால் எனக்கு ரொட்டி கிடைக்குமா என்று பொருள்; ‘கா ஈ தோட் இ மெவ்ன்?’ என்றால் நான் உள்ளே வரலாமா என்று பொருள். ரொட்டியைக் குறிக்கும் ‘பாரா’, ‘வாரா’ ஆனதும், வருதலைக் குறிக்கும் ‘டோட்’, ‘தோட்’ ஆனதும் எழுவாயை அடுத்து வரும் சொல்லின் முதல் மெய் மெலியும் என்ற விதியால். எல்லா இடத்துக்கும் பொருந்தும் ‘ஆம்’ அம்மொழியில் இல்லாததால், நாம் ‘வரலாமா’ என்பதற்கு ‘வரலாம்’ என்று விடையளிப்பதைப் போல, அவர்களும் நெருங்கியவரிடம் ‘கெய்’ என்றும் மரியாதைக்குரியவரிடம் ‘கெவ்ஹ்’ என்றும் இதே வினையால் இசைவு தருவர்.

கேள்வி: ‘எனக்கு ஒரு சகோதரன் உண்டு’ என்பதற்கும் இதைப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. உடைமைக்கு ‘இருக்கிறது’ என்ற வினையோடு முன்னிடைச்சொல் சேரும். வடக்கு வேல்ஸில் ‘மாய் கென் ஈ வ்ரவ்ட்’ என்பார்கள். தெற்கில் ‘மாய் ப்ரவ்ட் டா வீ’.

கேள்வி: செயப்பாட்டு வினையில் ‘காய்ல்’ எப்படி இயங்குகிறது?

பதில்: ‘அழைக்கப்பெற்றார்’ என்று எழுதும் தமிழருக்கு, ‘பெறு’ செயப்பாட்டுக்கு உதவுவது வியப்பளிக்காது. ஆனால் வெல்ஷில் அமைப்பு வேறு: ‘காவொத் அ டீ ஈ அடெய்லாடி’ என்பது, சொல்லுக்குச் சொல், ‘வீடு தன் கட்டுதலைப் பெற்றது’ என்றாகும். இதிலுள்ள ‘தன்’, அதாவது ‘ஈ’, விடுபட்டால் வாக்கியம் பிழை. புதிதாகக் கற்பவர் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். பிறத்தலைக் குறிக்கும் ‘கெனி’யை எடுத்துக்கொண்டால், நான் பிறந்தேன் என்பது ‘கேஸ் ஈ வ ஙெனி’, அவன் பிறந்தான் என்பது ‘காவொத் ஏ ஈ எனி’, அவள் பிறந்தாள் என்பது ‘காவொத் ஹீ ஈ கெனி’. அவனுடைய, அவளுடைய என்ற இரண்டுக்கும் ‘ஈ’ ஒன்றே என்பதால், உடைமைச் சொல்லைக் கொண்டு பாலை அறிய முடியாது. அவனுக்கு ககரம் உதிர்வதையும் அவளுக்கு அது நிலைப்பதையும் கொண்டே அறிய வேண்டும். வேல்ஸின் பாங்கோர் நகரில் பிறந்தவர், ‘பாங்கோரில்’ என்பதற்கு ‘அம் மாங்கோர்’ என்று சேர்த்துச் சொல்வார். அங்கே பகரமும் மகரமாகிவிடுகிறது. செய்தவரைச் சொல்ல வேண்டுமானால் ‘கன்’ என்ற இடைச்சொல் போதும்.

கேள்வி: செய்திகளில் இந்த அமைப்பு குறைவாகத் தெரிகிறதே?

பதில்: முறையான எழுத்து நடை ‘அடெய்லாட்உய்ட்’ போன்ற ஒற்றைச் சொல் வடிவத்தை விரும்புகிறது, எழுவாய் இல்லாமலே அது ‘கட்டப்பட்டது’ என்ற பொருளைத் தந்துவிடும். பேச்சில் ‘காய்ல்’ அமைப்பே இயல்பானது என்பதால், முதலில் அதில் பழகுவதே நல்லது.