சோதனைக்குழாய் தொடாத இரசாயனவியலாளர்

அன்புள்ள அண்ணா,

அக்காவின் மகள் வந்தாறுமூலையில் இரசாயனவியல் படிக்கிறாள். இனிக் கணிப்பு இரசாயனவியலில்தான் ஆய்வு செய்வேன் என்று நிற்கிறாள். கணினிக்கு முன்னால் இருந்துகொண்டு என்ன இரசாயனம் என்று கேட்டால், அந்தத் துறைக் கட்டுரைகளைப் பல்லாயிரம் பேர் மேற்கோள் காட்டியிருப்பதாகக் கணக்குச் சொல்கிறாள். அத்தனை பேரும் வாசித்தா இருப்பார்கள்? நம்பிப் பிள்ளையை விடலாமா?

ஒரு வாசகர், உப்புவெளி

அன்புள்ள தம்பி,

வாசித்திருக்க மாட்டார்கள். அதை முதலே ஒத்துக்கொள்கிறேன். 2014இல் நேச்சர் இதழ் மிக அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட 100 ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிட்டது. அதில் 12, இலத்திரன் அடர்த்தியை வைத்து மூலக்கூறுகளைக் கணிக்கும் முறை பற்றியவை. லீ, யாங், பார் மூவரும் 1988இல் எழுதியதும் பெக்கே 1993இல் எழுதியதும் முதற் பத்துக்குள். மென்பொருளில் அந்த முறையைத் தெரிவுசெய்தவர் தன் கட்டுரையில் அதைக் குறிப்பிட்டாக வேண்டும், அது சம்பிரதாயம். திருவலை செய்த கொல்லனின் பெயரை நாம் கறிச்சட்டியில் எழுதுவதில்லை. இவர்கள் எழுதுகிறார்கள், அவ்வளவுதான். ஆனால் வீட்டுக்கு வீடு அந்தத் திருவலை இருக்கிறதே, அது பொய்யில்லை.

உங்கள் மருமகளுக்கு ஜோன் போப்பிளைத் தெரிந்திருக்கும். 1925இல் இங்கிலாந்தில் பிறந்தவர். குப்பைக்கூடையில் கிடந்த நுண்கணிதப் புத்தகத்தை எடுத்து முழுவதும் படித்துவிட்டு, பள்ளிக்கூடத்தில் வேண்டுமென்றே பிழைவிட்டுத் தன் கெட்டித்தனத்தை மறைத்த பிள்ளை. கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தார். 1998இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு அவருக்கும் வால்டர் கோனுக்கும் போனது. கோன் பௌதிகவியலாளர். வெள்ளைக் கோட்டுக்காரர் இரண்டு பேரிலும் இல்லை!

போப்பிள் செய்ததில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். இலத்திரன் எங்கே இருக்கக்கூடும் என்று சொல்லும் அலைச்சார்பு அணுக்கருவுக்குக் கிட்டக் கூராக எழும், நம் சுவாமி மலை கடலிலிருந்து எழுவது மாதிரி. அந்தக் கூர் வடிவத்தை வைத்துக்கொண்டு பல அணுக்களுக்குத் தொகையீடு போடுவது பெரும் தலையிடி. போய்ஸ் என்பவர் 1950இல், கூர் இல்லாத, மணல் கும்பி போன்ற கௌசியன் சார்புகளைப் பயன்படுத்தலாம் என்றார். ஒவ்வொன்றும் உண்மை வடிவத்துக்குப் பொருந்தாது, ஆனால் இரண்டைப் பெருக்கினால் இன்னொரு கும்பிதான் வரும், கணக்குச் சுலபம். போப்பிளின் குழு 1969இல் ஒரு கூர் வடிவத்துக்குப் பதில் மூன்று கும்பிகளைச் சேர்த்து வைத்தது. அதுதான் எஸ்ரிஓ-3ஜி. அடுத்த வருடமே கௌசியன் 70 என்ற நிரல் மற்றவர்களின் கைக்கும் போனது.

நான் பெரிதாக மதிப்பது அதற்கப்புறம் அவர் பிடித்த பிடிவாதத்தை. ஒரு முறையைத் தெரிவுசெய்தால் எல்லா மூலக்கூறுக்கும் அதையே போடு, பரிசோதனை முடிவுகளோடு ஒப்பிடு, எவ்வளவு பிழைக்கிறது என்று வெளியில் சொல். பொருந்துகிற இடத்துக்கு ஒரு முறை, பொருந்தாத இடத்துக்கு வேறொன்று என்று மாற்றக்கூடாது. நான் படித்த காலத்தில் நியமிப்பின் முடிவை வழிகாட்டியில் பார்த்துவிட்டு அளவி வாசிப்பைத் திருத்தி எழுதியவர்கள் உண்டு. நானும் ஒருவன். வெள்ளி நைத்திரேற்றை எங்கள் வாத்தியார் துளித்துளியாக எண்ணித் தருவார். பிழைத்தால் இரண்டாம் தரம் கிடையாது.

பின்னாளில் அந்தக் கௌசியன் மென்பொருளை விற்ற நிறுவனத்தோடு பிணக்கு வந்து, அதைப் பயன்படுத்தத் தடைசெய்யப்பட்டவர்களில் போப்பிளும் ஒருவரானார். கொல்லனுக்கே திருவலை இல்லை. அவர் வேறொரு மென்பொருளுக்கு வேலை செய்யப் போய்விட்டார்.

வாசிக்காமல் மேற்கோள் காட்டுவதில் ஆபத்தும் உண்டு. புல்மோட்டை மணலில் இருக்கிற உரூத்தைல் என்ற கனியம், தைத்தேனியம் ஈரொட்சைட்டு. அதன் சக்தி இடைவெளி, அதாவது உள்ளே கட்டுண்ட இலத்திரன் விடுபட்டு ஓடத் தேவையான சக்தி, ஏறத்தாழ 3 இலத்திரன் வோல்ற்று. அடர்த்தி முறையின் சாதாரண வடிவங்கள் 2க்கும் குறைவாகவே காட்டும். தெரியாதவர் அந்த எண்ணை அப்படியே எழுதிவிடுவார்.

பிள்ளையை விடுங்கள். அதற்கு முன் அவளுடைய மடிக்கணினியில் ஒரு தண்ணீர் மூலக்கூறைக் கணித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஓர்கா என்ற மென்பொருள் கல்வித் தேவைக்கு இலவசம். ஒவ்வொரு இலத்திரனும் மற்றவற்றின் சராசரியை மட்டும் உணர்வதாக வைத்துக் கணிக்கும் ஹார்ட்ரி-பொக் முறையில் எஸ்ரிஓ-3ஜி போட்டால் பிணைப்புக் கோணம் 100 பாகை வரும். உண்மையில் 104.5. இன்னும் கூடுதலான கும்பிகள் சேர்ந்த 6-31ஜி* போட்டால் 105.5க்குத் தாண்டிவிடும். ஏன் தாண்டுகிறது என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள்.