பயங்கரவாத வழக்கில் தூக்கு கேட்பது பலன் தருமா? கேள்வி பதில்

கே (திருச்சி): ராஜீவ் கொலை வழக்கில் 26 பேருக்குத் தூக்கு என்றார்கள். கடைசியில் ஒருவரைக்கூடத் தூக்கிலிடவில்லை. எங்கே கோட்டை விட்டார்கள் சார்?

ப: தேதி வாரியாகப் பார்ப்போம். 1998 ஜனவரி 28: பூந்தமல்லி தடா (அன்றைய பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. தடாவில் உயர் நீதிமன்றம் என்ற படியே கிடையாது, மேல்முறையீடு நேரே உச்ச நீதிமன்றத்துக்கு. 1999 மே 11: அங்கே 19 பேர் கொலைச் சதியிலிருந்து விடுபட்டார்கள். மூவருக்கு ஆயுள், நால்வருக்குத் தூக்கு.

அதே தீர்ப்பு, இது தடா சொல்லும் பயங்கரவாதச் செயல் அல்ல என்றும் சொன்னது. ஆனால் தடா 15ஆம் பிரிவில் போலீஸ் எஸ்.பி. பதிவு செய்த வாக்குமூலங்களை மட்டும் கொலைக் குற்றத்துக்குச் சான்றாக வைத்துக்கொண்டது. சாதாரணச் சட்டத்தில் போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் செல்லாது. விரிசல் அங்கேதான் விழுந்தது. தூக்கு பெற்ற நால்வரில் ஒருவரான பேரறிவாளன் மீதான முக்கியக் குற்றச்சாட்டு, 9 வோல்ட் பேட்டரி இரண்டு வாங்கிக் கொடுத்தார் என்பது. பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என அவர் சொன்னதைத் தான் எழுதவில்லை என்று, வாக்குமூலம் பதிந்த சிபிஐ அதிகாரி தியாகராஜனே 2013இல் சொன்னார்.

அடுத்து கருணை மனு. அதே நால்வரில் நளினிக்கு 2000இலேயே மாநில அமைச்சரவை ஆலோசனைப்படி ஆளுநர் ஆயுளாக்கினார். மற்ற மூவரின் மனு அந்த ஆண்டு குடியரசுத் தலைவருக்குப் போய், 2011 ஆகஸ்டில் நிராகரிப்பாகத் திரும்பியது. 11 ஆண்டு. செப்டம்பர் 9 தூக்கு என்று நாள் குறித்தார்கள். ஆகஸ்ட் 30 சென்னை உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2014 பிப்ரவரி 18 அன்று, அந்தத் தாமதத்துக்காகவே உச்ச நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்தது. 2022இல் ஏழு பேரும் வெளியே வந்தார்கள். நீங்கள் கேட்ட கோட்டை, கோப்பு தூங்கிய அந்த 11 ஆண்டில்தான் போனது.

கே (மதுரை): கசாப் வழக்கை நாலு வருஷத்தில் முடித்தார்களே?

ப: முடித்தார்கள். 2008 நவம்பர் 26 மும்பைத் தாக்குதல், 2010 மே 6 தண்டனை, 2011 பிப்ரவரி 21 உயர் நீதிமன்றம், 2012 ஆகஸ்ட் 29 உச்ச நீதிமன்றம், நவம்பர் 5 கருணை மனு நிராகரிப்பு, நவம்பர் 21 எரவாடா சிறையில் தூக்கு. துப்பாக்கியோடு ரயில் நிலையத்தில் நடந்த ஆளின் புகைப்படம் இருந்தது, உயிரோடு பிடித்தவர்கள் சாட்சி சொன்னார்கள். எத்தனை வழக்கில் இது கிடைக்கும்? அதே வழக்கில் சதிக்கு உதவினார்கள் என்று சேர்க்கப்பட்ட இந்தியர் இருவரும் மூன்று நீதிமன்றத்திலும் விடுதலை.

கே (மதுரை, மீண்டும்): அப்படியென்றால் சான்று உறுதியாக இருந்தால் தூக்கு சரி என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள்!

ப: சான்று உறுதியா என்பது குற்ற நிரூபணம். தூக்கா ஆயுளா என்பது தண்டனை. இரண்டையும் குழப்பாதீர்கள். இதே மும்பைத் தாக்குதலுக்கு இடம் வேவு பார்த்த ஹெட்லியை எடுங்கள். 2010 மார்ச்சில் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டபோது, மரண தண்டனை கேட்கக் கூடாது, இந்தியாவுக்கு அனுப்பக் கூடாது என்று பேரம் பேசி வாங்கினார். கிடைத்தது 35 ஆண்டு. பதிலுக்கு வாயைத் திறந்தார். 2016 பிப்ரவரியில் மும்பை நீதிமன்றத்துக்கே காணொளியில் சாட்சி சொன்னார். தூக்கிலிட்ட கசாப்பிடம் 2012க்குப் பிறகு யார் என்ன கேட்க முடியும்?

கே (கோவை): குறுக்கே வருகிறேன் ஐயா. உயிரோடு வைத்திருந்தால் விமானத்தைக் கடத்தி மீட்டுக்கொண்டு போவான். காந்தகார் மறந்துவிட்டதா?

ப: இன்று வந்ததிலேயே கனமான வாதம் இது. 1999 டிசம்பரில் காந்தகாருக்குக் கடத்தப்பட்ட ஐசி 814 விமானத்துக்கு ஈடாக மசூத் அஸார், ஒமர் ஷேக், முஷ்தாக் ஜர்கர் மூவரையும் விட்டோம். ஆனால் அவர்களில் ஒருவரும் தூக்குக் கைதி இல்லை. அஸார் 1994இலிருந்து உள்ளே. சட்டத்தில் தூக்கு இருந்தும் கிட்டத்தட்ட அந்த ஆறு ஆண்டில் அது அவர்களில் யாரையும் எட்டவில்லை. தூக்குக் கைதியும் மேல்முறையீடு முடியும்வரை பல ஆண்டு உயிரோடுதான் இருப்பார். பணயம் பிடிப்பவனுக்கு நாம் நாள் குறிக்கும் வேளை இன்னும் வசதி.

கே (கோவை): அதற்காகத்தான் தாமதமே கூடாது என்கிறோம்.

ப: தாமதம் தேவைப்படுவதே தூக்கு என்பதால்தான். அடுத்த பதிலைப் பாருங்கள்.

கே (சென்னை, இளம் வழக்கறிஞர்): அரசுத் தரப்பு தூக்கு கேட்டால் என்னென்ன தயாராக இருக்க வேண்டும்?

ப: குற்றவாளி என்று சொன்ன பிறகு, தண்டனை பற்றித் தனி விசாரணை: பிஎன்எஸ்எஸ் (இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) பிரிவு 258(2). அதைச் சடங்காக முடித்தால் மேலே அடி வாங்கும். 2022 மனோஜ் தீர்ப்புப்படி மனநல மதிப்பீடு, குடும்பப் பின்னணி, சிறை நடத்தை அறிக்கை எல்லாம் விசாரணை நீதிமன்றத்திலேயே வர வேண்டும். ஏன் ஆயுள் போதாது என்பதற்குச் சிறப்புக் காரணம் எழுத வேண்டும், 393(3). உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் தண்டனை நிற்காது, 407. உச்ச நீதிமன்ற மறுஆய்வு மூவர் அமர்வில், திறந்த நீதிமன்றத்தில் (2014 முகமது ஆரிப்). கருணை மனுவுக்கு 472: மேல்முறையீடு தள்ளுபடியானதைச் சிறைக் கண்காணிப்பாளர் தெரிவித்த நாளிலிருந்து 30 நாள், ஆளுநர் நிராகரித்தால் குடியரசுத் தலைவருக்கு 60 நாள். நிராகரிப்பைத் தெரிவித்த பின் தூக்குக்கு முன் 14 நாள் இடைவெளி, இது 2014 சத்ருகன் சௌகான் தீர்ப்பு. ஒரு படியில் தேதி பிசகினாலும் ரிட் மனு தயார்.

கே (நெல்லை): வெளிநாட்டில் பதுங்கியவனுக்கு?

ப: தூக்கு இல்லாத நாடு ஒப்படைத்தால் இங்கே ஆயுள் மட்டுமே. நாடு கடத்தல் சட்டம், பிரிவு 34சி. 1993 மும்பைக் குண்டுவெடிப்பு வழக்கின் அபு சலேமுக்காகப் போர்ச்சுகலிடம் 25 ஆண்டுக்கு மேல் இல்லை என்றே எழுதிக் கொடுத்தோம்.

கே (சேலம்): நேராகத் தூக்கில் போட்டுவிட்டால் என்ன சார்?

ப: நாலாவது முறை இந்தக் கேள்வி. 2002 குஜராத் அக்ஷர்தாம் கோயில் தாக்குதல் வழக்கில் மூவருக்குத் தூக்கு, உயர் நீதிமன்றமும் உறுதி செய்தது. 2014 மே 16 உச்ச நீதிமன்றம் ஆறு பேரையும் விடுதலை செய்தது. 2006 மும்பை ரயில் குண்டுவெடிப்பு வழக்கில் 2015இல் ஐவருக்குத் தூக்கு, எழுவருக்கு ஆயுள். 2025 ஜூலை 21 உயர் நீதிமன்றம் 12 பேரையும் விடுவித்தது. அந்த ஐவரில் ஒருவர் 2021இலேயே சிறையில் இறந்திருந்தார்.

கே (தஞ்சை): தம்பி மீது யுஏபிஏ போட்டிருக்கிறார்கள். ஜாமீன் கிடைக்குமா?

ப: யுஏபிஏ என்ற சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தில் ஜாமீனைக் கடினமாக்கும் பிரிவு 43டி(5), அது தனி விஷயம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இன்றே மனுக் கொடுங்கள், இங்கே காத்திருக்காதீர்கள்.

கே (வேலூர்): ஆயுள் என்றால் 14 வருஷத்தில் வெளியே வந்துவிடுவார்களே?

ப: பழைய கதை. 2008 சுவாமி ஷ்ரத்தானந்தா தீர்ப்புக்குப் பிறகு, தண்டனைக் குறைப்பே கிடையாது என்று ஆண்டு குறித்தோ சாகும்வரையோ ஆயுள் விதிக்கலாம். 2015இல் ஸ்ரீஹரன் வழக்கில் அரசியல் சாசன அமர்வு அதை உறுதி செய்தது. ஒன்றைக் கவனியுங்கள்: உயர், உச்ச நீதிமன்றங்களுக்கு மட்டுமே அந்த அதிகாரம், விசாரணை நீதிமன்றத்துக்கு இல்லை. அரசுத் தரப்பு மேல்முறையீட்டில் இதை மாற்றுக் கோரிக்கையாகவாவது எழுதிக் கேட்க வேண்டும். தூக்கை மட்டுமே கேட்டுவிட்டு நின்றால், அது சரிந்த பிறகு மிஞ்சுவது வெறும் ஆயுள். நீங்கள் பயப்படும் 14 வருஷப் பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.