இஸ்திரிப் பெட்டியை எடுத்து உள்ளே வையுங்கள்

கேள்வி: என் பெரியப்பா எழுபதுகளில் அமெரிக்காவில் படித்தவர். அவருடைய டிரங்குப் பெட்டியில் சுமார் நாற்பது மார்வெல் காமிக்ஸ் கிடைத்தன. அதில் ஒன்று ‘இன்கிரெடிபிள் ஹல்க்’ 181. கீழ் மூலை மடங்கியிருக்கிறது, அட்டை லேசாக நெளிந்திருக்கிறது, மேலே பென்சிலில் ஏதோ ஆகஸ்ட் தேதி, ஸ்டேப்பிள் பின்களில் கொஞ்சம் துரு. நிலையைப் பார்த்து எண் போட்டுத் தரும் கிரேடிங்குக்கு அனுப்பும் முன் நானே சுத்தம் செய்து, சூடு வைத்து அழுத்தி நேராக்கலாமா? யூடியூபில் இஸ்திரிப் பெட்டியாலேயே செய்கிறார்கள். என்னிடம் உள்ள பழைய முத்து காமிக்ஸுக்கும் இதே முறை சரிவருமா?
– மதுரை வாசகர்

பதில்: முதலில் வாசகர் கடிதப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். 1974-இல் மார்வெல் தன் இதழ்களில் ‘வேல்யூ ஸ்டாம்ப்’ என்று ஒரு சிறு படத்தை அச்சிட்டது. வெட்டி ஆல்பத்தில் ஒட்டச் சொன்னார்கள், பிள்ளைகளும் சமர்த்தாக வெட்டினார்கள். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற வுல்வரின் என்ற பாத்திரம் 180-ஆம் இதழின் கடைசிப் பக்கத்தில் தலைகாட்டி, 181-இல்தான் முழுதாக வருகிறது என்பதால் இந்த இதழுக்கு இன்று இவ்வளவு மவுசு. ஆனால் ஸ்டாம்ப் வெட்டப்பட்ட பிரதி என்றால் மதிப்பு படுத்துவிடும், அட்டை எவ்வளவு பளபளத்தாலும். ஸ்டாம்ப் இருக்கிறதா, நடுப்பக்கம் ஸ்டேப்பிள் பின்னிலிருந்து கழன்றிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம்.

ஸ்டாம்ப் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்து அறை விளக்கை அணைத்துவிட்டு, போன் டார்ச்சை அட்டைக்குப் பக்கவாட்டில், கிட்டத்தட்ட மேசையோடு படுத்த மாதிரி பிடியுங்கள். மடிப்புகள் எல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். இப்போது விளக்கைப் போட்டு அதே மடிப்புகளை நேராகப் பாருங்கள். நிழல் மட்டும் தெரிந்து நிறம் அப்படியே இருந்தால் காகிதம் வளைந்திருக்கிறது, அவ்வளவுதான். அது பிரஸ்ஸுக்கு, அதாவது சூடு வைத்து அழுத்துவதற்கு, பணியும். மடிப்பின் மேல் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தால் மை உடைந்துவிட்டது. அதை எந்த மெஷினும் திருப்பித் தராது. முதுகை ஒட்டி வரும் சின்னச் சின்ன வெள்ளைக் கீறல்களுக்கும் இதே கதைதான். நெளிவு, விரல் பள்ளம், முதுகு ஒரு பக்கமாகச் சுருண்டு போவது ஆகியவை சரியாகும். கிழிசல், கறை, நிறம் மங்கல், துரு ஆகியவை ஆகாது. உங்கள் மூலை மடிப்பில் வெள்ளைக் கோடு இருந்தால், பிரஸ் செய்தபின் மூலை தட்டையாகும், கோடு மட்டும் நிற்கும். அப்போதும் கிரேடு கொஞ்சம் ஏறலாம், ஆனால் அற்புதம் எதையும் எதிர்பார்க்காதீர்கள்.

சரி, இஸ்திரிப் பெட்டி. இதற்குத் தேவைப்படும் சூடு ஏறக்குறைய 65 முதல் 70 டிகிரி செல்சியஸ். இஸ்திரிப் பெட்டியோ மிகக் குறைந்த நிலையிலேயே 100-ஐத் தாண்டிவிடும். சூடும் அடித்தட்டு முழுக்க ஒரே மாதிரி இருக்காது, அழுத்தமோ உங்கள் கை போன போக்கில் விழும். டி-ஷர்ட் அச்சடிக்கும் ஹீட் பிரஸ் பரவாயில்லை, பலரும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். ஆனால் அங்கே ஒரு பொறி உண்டு. அமெரிக்க வீடியோக்களில் 155 என்று சொல்வது பாரன்ஹீட். நம் ஊர் மெஷின்களில் காட்டுவது செல்சியஸ். அந்த 155-ஐ இங்கே அப்படியே வைத்தால் ஐம்பது வருடக் காகிதம் அப்பளமாகிவிடும். சூடு சில நிமிடங்கள்தான். உண்மையான வேலை அதன்பின் நடக்கிறது: மெஷினை அணைத்துவிட்டு, அழுத்தத்தை எடுக்காமல் இரவு முழுக்க அப்படியே ஆற விட வேண்டும். அவசரப்பட்டு எடுத்தால் நெளிவு திரும்பி வந்துவிடும். அட்டைக்கும் உள்பக்கத்துக்கும் இடையில் வழவழப்பான தாள் வைக்காவிட்டால் ஸ்டேப்பிள் பின் இருக்கும் இடம் அட்டையில் புடைத்துக்கொண்டு நிற்கும். அனுபவமில்லாத கை பட்ட பிரதியை இந்தப் புடைப்பை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

அமெரிக்காவில் பிரஸ் செய்வதற்கு முன் காகிதத்துக்கு ஈரப்பதம் ஏற்றுவார்கள். ஸ்டேப்பிள் பின்களில் துருவேறிய புத்தகத்துக்கு அதை நீங்கள் செய்யவே கூடாது. ஈரம் பட்டால் துரு காகிதத்துக்குள் பழுப்பாக இறங்கும். பின்னை மாற்றிவிடலாமே என்று தோன்றும். மாற்றினால் அது பழுதுபார்ப்புக் கணக்கில் சேர்ந்துவிடும்.

இந்தக் கணக்கைப் புரிந்துகொள்வது முக்கியம். அமெரிக்காவின் புளோரிடாவில் உள்ள சிஜிசி என்ற நிறுவனம் 2000-லிருந்து காமிக்ஸுக்கு 0.5 முதல் 10 வரை கிரேடு போட்டு, பிளாஸ்டிக் உறையில் அடைத்துத் தருகிறது. வழக்கமான பிரதிக்கு நீல லேபிள், பழுதுபார்த்ததற்கு ஊதா. நன்றாகச் செய்த பிரஸ்ஸிங்கையும் உலர் சுத்தத்தையும் அவர்கள் பழுதுபார்ப்பாகக் கருதுவதில்லை. நிறம் தீட்டுவதையும் ஓரம் வெட்டுவதையும் கருதுகிறார்கள். அதனால் முதுகின் வெள்ளைக் கீறலில் ஸ்கெட்ச் பேனா வைத்து ‘டச்’ கொடுக்காதீர்கள். ‘ஓரத்தைக் கொஞ்சம் கட்டிங் போட்டுத் தரேன் சார்’ என்று சொல்லும் பைண்டிங் கடைப் பக்கமே போகாதீர்கள். நீல லேபிளும் ஊதா லேபிளும் ஒரே எண்ணைக் காட்டினாலும் விலையில் ஒட்டவே ஒட்டாது.

சுத்தம் செய்வதென்றால் உலர்வாக மட்டும். மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். வெள்ளை ஓரங்களில் அழுக்கு இருந்தால் நல்ல வெள்ளை வினைல் ரப்பரை நுனியாக வெட்டி, ஒரு கையால் காகிதத்தை அமுக்கிக்கொண்டு, உள்ளிருந்து ஓரத்தை நோக்கி மட்டும் தேயுங்கள். ஓரத்திலிருந்து உள்ளே தேய்த்தால் காகிதம் மடங்கிக் கிழியும். அடர் சிவப்பு, கறுப்பு மையின் மேல் ரப்பரே வேண்டாம், மை ரப்பரோடு வந்துவிடும். அப்புறம் அந்தப் பென்சில் தேதி. அதைத் தொடாதீர்கள். இதழ் வந்த நாளை அமெரிக்கக் கடைக்காரர்கள் அட்டையில் குறிப்பது வழக்கம். நவம்பர் 1974 இதழில் ஆகஸ்ட் தேதியா என்று குழம்பவும் வேண்டாம், அட்டை மாதம் விற்பனை மாதத்தைவிட முன்னாலேயே ஓடும். கிரேடு போடுபவர்கள் இதற்குப் பெரிதாகக் குறைப்பதில்லை. அழிக்கப்போய் அட்டையின் பளபளப்பு போனால் நிச்சயம் குறைப்பார்கள்.

என் யோசனை: 181-ஐ நீங்கள் தொடவே வேண்டாம். அமிலமில்லாத அட்டை வைத்து மைலார் என்ற பிளாஸ்டிக் உறையில் போட்டு, அமெரிக்கா போகும் நம்பகமான உறவினர் கையில் கொடுத்து, பிரஸ்ஸையும் கிரேடிங்கையும் அங்கேயே ஒன்றாகச் செய்துகொள்ளுங்கள். கை பழக ஆசை இருந்தால் அந்த நாற்பதில் ஆகச் சாதாரணமான ஒன்றில் பழகுங்கள். பெட்டியில் ‘ஜயன்ட்-சைஸ்’ இதழ்கள் இருந்தால் அவற்றை விட்டுவிடுங்கள், முதுகில் பசை போட்டு ஒட்டியவை, சூட்டில் இளகும். பெட்டியை வெயிலில் காய வைக்காதீர்கள். பாச்சை உருண்டையும் வேண்டாம், வாசனை காகிதத்தில் ஏறினால் லேசில் போகாது. இராமபாணம் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்து, சிலிகா ஜெல் பொட்டலங்களைப் பெட்டியில் போட்டு வையுங்கள்.

முத்து காமிக்ஸுக்கு வருவோம். அவற்றை வாங்குகிற நம் ஆட்கள் லேபிளைப் பார்ப்பதில்லை. பக்கம் முழுசா இருக்கிறதா, அட்டை அசல்தானா என்றுதான் கேட்பார்கள். சாணித்தாள் ஏற்கெனவே பழுத்து நொறுங்கும் நிலையில் இருக்கும், சூடு அதை இன்னும் முறுக்கிவிடும். நெளிந்திருந்தால் இரண்டு வழவழப்பான அட்டைகளுக்கு நடுவே வைத்து, மேலே கனமான அகராதிகளை ஏற்றி இரண்டு வாரம் விடுங்கள், போதும். செலோடேப் ஒட்டியிருந்தால் உரிக்காதீர்கள். வாடகை நூலக முத்திரை இருந்தால் அதுவும் இருக்கட்டும், அதற்காக விலையைக் குறைக்கும் ரசிகரை நான் இதுவரை பார்த்ததில்லை.